தோட்டத்தில் பொக்லைன் இறக்கும் முன்

(பண்ணைக்காடு விவசாயிகளிடையே ஆற்றிய உரையிலிருந்து)

மலைக்கு எப்ப வந்தாலும் இந்தக் கேள்வி வருது: "என் பட்டா நிலம், மண் வெட்ட யாருகிட்டங்க அனுமதி கேக்கணும்?" நியாயமான கேள்வி. பதில் கொஞ்சம் சுத்தி வரும், பொறுத்துக்குங்க.

தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971 எதை 'மேம்பாடு' என்கிறது? நிலத்திலோ, அதன் மேலோ அடியிலோ செய்யும் கட்டடப் பணி, பொறியியல் பணி, சுரங்கப் பணி போன்றவை; நிலப் பயன்பாட்டை மாற்றுவதும் அதில் சேரும். பிரிட்டனின் 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தின் சாயல் இந்த வாசகத்தில் அப்படியே இருக்கு. விவசாயத்துக்கும் தோட்டத்துக்கும் நிலத்தைப் பயன்படுத்துவது மேம்பாடு ஆகாது என்று விலக்கும் உண்டு. காப்பிக்குக் குழி எடுங்க, மலைவாழைக் கன்னு பிரிச்சு நடுங்க, மண் அரிக்காம கல் அடுக்கி வரப்பு போடுங்க. அதெல்லாம் விவசாயம்.

சிக்கல் எங்கேன்னா, விலக்கு 'பயன்பாட்டுக்கு'த்தான். சாலைக்கு வழி அமைப்பதைச் சட்டம் பொறியியல் பணியில் சேர்க்குது. காப்பிக்குள்ள பொக்லைனை விட்டு, மேட்டை வெட்டிப் பள்ளத்துல தள்ளி, கார் போற அகலத்துக்குப் பாதை போட்டா, பட்டாவுல புஞ்சைன்னு இருப்பது மட்டும் காப்பாத்தாது. எவ்வளவு மண் நகர்ந்தது, பயிருக்கு அது தேவையா, வேலை முடிஞ்சதும் அந்தப் பாதையில யார் வரப்போறாங்க? என்னைக் கேட்டா இதைத்தான் முதல்ல பார்ப்பேன். வெட்டின சரிவு ஐப்பசி மழையில இறங்கினா, சேறு போறது கீழ்த்தோட்டத்துக்காரர் வீட்டுக்கு.

'பண்ணை நிலம்'னு சமப்படுத்தி விக்கிறாங்களே, அதை வாங்குறவங்களும் கேளுங்க. பாதை இருக்குங்கறதாலேயே வீடு கட்ட அனுமதி கிடைச்சிடாது. கொடைக்கானல் வட்டத்துல பல கிராமங்கள் 'ஹாக்கா'ன்னு நாம சொல்ற மலையிடப் பாதுகாப்புக் குழும வரம்புல வருது. மரம் வெட்ட 1955-ஆம் ஆண்டு மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி தனி அனுமதி. அது வேற கதை.

கையில போன் இருக்குல்ல? வருவாய்த் துறையின் இணையச் சேவையில் பட்டா, 'அ' பதிவேடு, புலப்படம் மூணையும் எடுங்க. வில்லங்கத்தைப் பதிவுத் துறைத் தளத்தில் பாருங்க. புலப்படத்துல பாதை போற இடத்தைக் குறிச்சு, சரிவு தெரியுற மாதிரி ரெண்டு படம் எடுத்து, பேரூராட்சியிலும் கொடைக்கானல் கோட்டாட்சியர் அலுவலகத்திலும் எழுத்தா மனு குடுங்க. வாயால "சரி செய்யுங்க"ன்னு சொல்றதை நம்பாதீங்க; பதிலும் எழுத்துல வரட்டும். பொக்லைன்காரருக்கு அட்வான்ஸ் அதுக்கப்புறம் குடுத்தா போதும்.