கைக்குழந்தையோடு சென்னையில் இரண்டு நாள்

இரண்டு வயதுக் குழந்தையோடு வெளியூரிலிருந்து சென்னைக்கு வருகிறவர்கள், பெரும்பாலும் பெரியவர்களின் ஆசைக்கே திட்டம் போடுகிறார்கள். குழந்தையின் தூக்கத்தை வைத்துத் திட்டம் போட்டுப் பாருங்கள்.

மயிலாப்பூரில் தங்கினால் அது எளிது. குழந்தை தூங்கும் மதிய நேரத்தில் கபாலீசுவரர் கோயிலிலும் நடை சாத்திவிடுவார்கள். வெயில் ஏறுமுன் போய்விட்டால் பிரகாரக் கல் காலைச் சுடாது. புன்னை மரத்தடியில் அம்பாள் மயிலாக நின்று சிவனைப் பூசித்த தலம் இது. அதைக் காட்டும் மயில் சிற்பத்தின் முன்னே குழந்தையை இறக்கிவிடுங்கள். தெரிந்த பறவையைக் கல்லில் பார்த்ததும் விரல் தானாக நீளும். அவசரப்படுத்தாதீர்கள். குழந்தைக்கு அன்றைய தரிசனமே அதுதான். மாடவீதிகளில் தள்ளுவண்டி உதவாது, இடுப்பில்தான் தூக்க வேண்டும்.

தள்ளுவண்டிக்கு ஏற்ற இடம் தி. நகர் பாண்டி பஜார். 2019-இல் அங்கே நடைபாதையை அகலப்படுத்தினார்கள். ரங்கநாதன் தெரு நெரிசலுக்குள் மட்டும் பிள்ளையைக் கொண்டுபோக வேண்டாம்.

மறுநாள் அடையாறு பக்கம், கிண்டி சிறுவர் பூங்கா. புதுப்பித்து 2024-இல் திறந்தார்கள். செவ்வாய்க்கிழமை விடுமுறை. பக்கத்திலேயே ரோமுலஸ் விட்டேக்கர் 1972-இல் தொடங்கிய பாம்புப் பண்ணையும் இருக்கிறது.

திருமயிலையிலிருந்து பறக்கும் ரயிலில் திருவான்மியூர் வரை ஒருமுறை போய்வாருங்கள். ஐந்து வயதுக்குள் டிக்கெட் கிடையாது. ஜன்னலோரம் மட்டும் பிடித்துக்கொடுங்கள்.