காய்ச்சல் விட்ட பிறகு வரும் மூச்சுத்திணறல்

(ஜும்ஆவுக்குப் பின் நம் செயலாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



கும்மிடிப்பூண்டி கம்பெனியில் வேலை செய்கிற பிள்ளை லீவில் ஊருக்கு வரும்போது சளியையும் கொண்டு வருவான். நாலு நாளில் நன்னிமாவும் படுத்துவிடுவார். பெரும்பாலும் அது தானாகவே அடங்கிவிடும். அடங்காமல் போகிற சளிக்காய்ச்சலைப் பற்றித்தான் இன்று பேச வந்தேன்.

அது இரண்டு வழியில் முற்றும். ஒன்று, உடம்பின் எதிர்ப்புச் சக்தியே எல்லை மீறுவது. கிருமியை அடிக்கப் போன படை நுரையீரலையே புண்ணாக்கும். காற்றறைகளில் நீர் கசியும். கொரோனாவில் பலருக்கு முதல் வாரம் கழிந்தபின்தான் மூச்சு திணறியது.

மற்றொன்று, வைரஸ் புண்ணாக்கிய இடத்தில் பாக்டீரியா இறங்குவது. நம் மூக்கிலும் தொண்டையிலும் சும்மா குடியிருப்பவைதான் அவை. 1918 இன்புளூயன்ஸாவில் இந்தியாவில் மட்டும் 1 கோடிக்கு மேல் இறந்தார்கள். அக்காலத்து நுரையீரல் திசுக்களை ஆராய்ந்த அமெரிக்க ஆய்வாளர்கள், உலகெங்கும் நடந்த பெரும்பாலான மரணங்களுக்கு இந்தப் பாக்டீரியா நிமோனியாவே காரணமாக இருந்திருக்கும் என்று 2008-ல் எழுதினார்கள். அன்று ஆன்டிபயாட்டிக் கிடையாது.

இன்று இரண்டுக்கும் மருந்து இருக்கிறது. நேரம் தவறினால் அதுவே வினை. 2020 ஜூனில் இங்கிலாந்தின் ரெக்கவரி ஆய்வு, தினம் 6 மில்லிகிராம் டெக்ஸாமெத்தசோன் என்ற மலிவான ஸ்டீராய்டு, வென்டிலேட்டரில் இருந்த கொரோனா நோயாளிகளின் மரணத்தை மூன்றில் ஒரு பங்கு குறைத்ததைக் காட்டியது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு அதனால் பலனே இல்லை. ஆனால் 2021 இரண்டாம் அலையில் வாட்ஸ்அப்பில் வந்த மருந்துச் சீட்டைப் பார்த்து முதல் நாளே விழுங்கியவர்கள் எத்தனை பேர்! ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும், எதிர்ப்புச் சக்தியைத் தணிக்கும். கருப்புப் பூஞ்சை அப்படித்தான் பலரைப் பிடித்தது. (சர்க்கரை இல்லாத வீடு நம்மில் எது?)

ஆன்டிபயாட்டிக் வைரஸை ஒன்றும் செய்யாது. மெடிக்கலில் கேட்டு ரெண்டு மாத்திரை போட்டு நிறுத்துகிறோம். நிஜமாகவே பாக்டீரியா இறங்கும் நாளில் அந்த மருந்து கேட்காமல் போகலாம். கடைக்காரரைச் சொல்லி என்ன? கேட்பது நாம்தானே.

காய்ச்சல் விட்டு ரெண்டு நாள் நன்றாக இருந்து, மறுபடி குளிர் நடுக்கத்தோடு வந்தால் கவனியுங்கள். மூச்சு இழுத்தால் நெஞ்சு குத்துவது, துரு நிறச் சளி, ஒரு வாக்கியம் பேசி முடிப்பதற்குள் மூச்சு வாங்குவது, பெரியவர்கள் சம்பந்தமில்லாமல் பேசுவது, ஆக்சிமீட்டரில் 94-க்குக் கீழே காட்டுவது — இதில் ஒன்று இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. மூச்சு வாங்கினாலோ பேச்சு குழம்பினாலோ 108-ஐக் கூப்பிடுங்கள். "பெருநாள் கழியட்டும்", "மகன் வரட்டும்" என்று தள்ளாதீர்கள்.

குழந்தைகளுக்கு நிமோகாக்கல் தடுப்பூசி அரசு அட்டவணையிலேயே இலவசம்: 6-வது வாரம், 14-வது வாரம், 9-வது மாதம். ஹஜ்ஜுக்குப் போகும் 65 வயதைக் கடந்தவர்களுக்கு இன்புளூயன்ஸா ஊசி போடுகிறார்களே, அது ஊரில் இருக்கிற பெரியவர்களுக்கும் உதவும். டாக்டரிடம் கேளுங்கள்.

நம் அலுவலகத்தில் மூன்று ஆக்சிமீட்டர் இருக்கிறது. இரவானாலும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். மருதாணி இல்லாத விரலில் வைத்துப் பாருங்கள். கறுத்த மருதாணி அளவைத் தவறாகக் காட்டக்கூடும்.