நெஞ்சுவலியும் பீடிப் புகையும்
(பிள்ளைக் காம்பராவில் நடந்த சுகாதாரக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



மலையேறும்போது நெஞ்சை அமுக்கினால் நம்ம ஆட்கள் என்ன சொல்வார்கள்? "வாய்வு பிடிச்சிருக்கு, இஞ்சித் தண்ணி குடி, சரியாப் போயிடும்." சில வேளை அது வாய்வாகவே இருக்கலாம். ஆனால் அதை லயத்தில் உட்கார்ந்து முடிவுசெய்ய முடியாது. ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி. எடுத்து, இரத்தம் சோதித்தால்தான் தெரியும்.

நமது இருதயத்துக்கும் இரத்தம் வேண்டும். அதைக் கொண்டுபோகும் குழாய்கள் மிகச் சிறியவை. பீலிக்குத் தண்ணீர் வரும் குழாயில் பாசி பிடித்தால் தண்ணீர் குறைகிறதல்லவா? அதுபோல இந்தக் குழாய்களில் கொழுப்புப் படிகிறது. ஏற்றத்தில் வலித்து, நின்றால் வலி அடங்குவது முதல் எச்சரிக்கை. அப்போதே டாக்டரிடம் காட்ட வேண்டும். குழாய் முழுதாக அடைத்துக்கொண்டால் அதுதான் மாரடைப்பு.

அதன் அடையாளங்கள்: நடுநெஞ்சில் பாறாங்கல் வைத்தது போன்ற பாரம், இடது கை, தாடை, முதுகுக்குப் பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல், வாந்தி. பெண்களுக்கும் சீனி வியாதிக்காரருக்கும் வலி பெரிதாக இல்லாமல் களைப்பும் மூச்சு வாங்குதலும் மட்டும் வரலாம்.

இப்படி வந்தால் உடனே உட்கார வையுங்கள், நடக்க விடாதீர்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். அம்புலன்ஸ் இலவசம். தோட்டத்து ரோட்டில் அது வர நேரமாகும் என்றால் காத்திராமல் தோட்டத்து லொறியோ, ஆட்டோவோ, கிடைத்ததில் கொண்டுபோங்கள். ஒவ்வொரு நிமிடமும் இருதயத் தசை செத்துக்கொண்டிருக்கும். விடியட்டும் என்று இருந்துவிடக் கூடாது.

இனி பீடி, சிகரெட், சுருட்டு. இதிலுள்ள நிகோட்டின் இருதயத்தை வேகமாக அடிக்க வைத்து, இரத்த அழுத்தத்தை ஏற்றுகிறது. புகையிலுள்ள காபன் மொனொக்சைட்டு இரத்தத்தில் ஒட்சிசனின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. தார் நுரையீரலை அரித்து, நாட்பட்ட இருமலையும் புற்றுநோயையும் கொண்டுவருகிறது. "நான் நாளைக்கு ஒன்றுதானே குடிக்கிறேன்" என்பார்கள். அந்த ஒன்றும் இருதயத்துக்குக் கெடுதிதான். வெற்றிலையோடு போடும் புகையிலை வாய்ப் புற்றுநோயைத் தரும்.

நமது காம்பரா சிறியது. அப்பா இஸ்தோப்பில் குடிக்கும் புகை, தொட்டிலில் இருக்கும் பிள்ளையின் நெஞ்சுக்குள்ளும் போகிறது. அடுப்புப் புகை வேறு இருக்கிறது. அடுப்பெரிக்கும்போது ஜன்னலைத் திறந்து வையுங்கள். இரண்டு கிழமைக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனை செய்யுங்கள், காசநோயாகவும் இருக்கலாம்.

2006 ஆம் ஆண்டுச் சட்டப்படி 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் புகையிலைப் பொருள் விற்கக் கூடாது. ஆகவே பிள்ளைகளைக் கடைக்கு அனுப்பிப் பீடி வாங்காதீர்கள். கலியாண வீட்டிலும் சாவு வீட்டிலும் தட்டில் சிகரெட் வைக்கும் பழக்கத்தையும் நிறுத்துவோம்.

"இத்தனை வருசம் குடிச்சாச்சு, இனி விட்டு என்ன ஆகப்போகுது?" என்று பெரியவர்கள் கேட்கலாம். ஐயா, விட்டு 20 நிமிடத்திலேயே நாடித்துடிப்பு இறங்கத் தொடங்கும். சில மாதங்களில் இருமல் குறையும். ஒரு வருடத்தில், புகையால் வந்த மாரடைப்பு ஆபத்து ஏறக்குறையப் பாதியாகிவிடும். முதல் சில நாட்கள் எரிச்சலும் தூக்கமின்மையும் வரும். அப்போது வீட்டிலுள்ளவர்கள் சண்டை போடாமல் துணை நில்லுங்கள்.

பீடிக்குப் போகும் காசை ஒரு மாதம் டின்னில் போட்டுப் பாருங்கள். பிள்ளைக்குச் சப்பாத்து வாங்க அது உதவும்.