பரிசும் உள்ளார்வமும்

குழந்தை எதற்காகப் படம் வரைகின்றது? கேட்டால் அதற்கு விடை சொல்லத் தெரியாது. ஆயினும், அதன் உள்ளத்திலே ஒரு விடை மறைந்து கிடக்கின்றது. அவ்விடையை மாற்றிவிட்டால் என்ன நேரும்?

இதனை ஆராய்ந்தோர் லெப்பர், கிரீன், நிஸ்பெற் என்னும் உளவியலறிஞர் மூவர். அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த பாலர் பாடசாலையிலே, வர்ணப் பேனையால் வரைவதில் இயல்பாகவே விருப்பங்கொண்ட சிறாரை அவர்கள் தெரிந்தெடுத்தனர். ஒரு சாராருக்கு, வரைந்தால் அழகிய பரிசுப் பத்திரம் கிடைக்கும் என முன்னரே சொல்லப்பட்டது. இன்னொரு சாராருக்கு அதே பத்திரம் வரைந்து முடிந்தபின் எதிர்பாராது கிடைத்தது. எஞ்சியோருக்குப் பரிசே இல்லை.

ஓரிரு வாரங் கழித்துப் பேனைகள் மீண்டும் வகுப்பில் வைக்கப்பட்டன. இம்முறை பரிசுப் பேச்சே எழவில்லை. பிள்ளைகள் தாம் அறியாதவாறு கவனிக்கப்பட்டனர். முன்னரே பரிசு பேசப்பட்டோர், மற்றையோர் வரைந்த நேரத்திற் பாதியளவே வரைந்தனர். எதிர்பாராது பரிசு பெற்றோரின் ஆர்வமோ குன்றவில்லை. ஆகவே, கெடுத்தது பத்திரமன்று. 'பத்திரத்துக்காகவே வரைகின்றேன்' என உள்ளே புகுந்த எண்ணமே என்பது 1973 ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்ட முடிபு.

வரைந்து வரைந்தே கை தேர்கின்றது. வரையும் நேரம் பாதியானால் தேர்ச்சியும் தளரத்தானே செய்யும்? விருப்பமில்லாத வேலைக்குப் பிள்ளையை இழுக்கப் பரிசு உதவலாம். அதனை இவ்வாய்வு மறுக்கவில்லை. ஆனால், தானாகவே புத்தகத்தை விரிக்கும் பிள்ளையிடம் 'பக்கத்துக்கு இவ்வளவு' என்று விலை பேசும் தந்தை சற்றுத் தயங்குவது நன்று. அதுவரை கதையிலே தோய்ந்திருந்த பிள்ளை, அன்று முதல் பக்கங்களை எண்ணத் தொடங்கலாம்.