பாடு நாளும் பள்ளி நாளும்



மாதக் கடைசியில் யார் எத்தனை நாள் வரவில்லை என்று கூட்டிப் பார்க்கிறோம். எந்தெந்தத் தேதியில் வரவில்லை என்றும் பாருங்கள்.

பழவேற்காடு ஏரியில் பாடு முறை உண்டு. இறால் கிடைக்கும் இடங்களில் யார் எந்த நாளில் வலை கட்டுவது என்று மீனவர்களே முறை வைத்துக்கொள்வார்கள். என் ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன் விட்ட நாள்களை அவன் அப்பாவிடம் காட்டினேன். "எல்லாம் எங்க பாடு நாளுங்க டீச்சர்" என்றார். இரவு வலை, விடிந்ததும் இறால் தரம் பிரிக்கும் வேலை. தூங்காத பிள்ளையைச் சோம்பேறி என்பதா?

2016 சட்டத் திருத்தப்படி, பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளை குடும்பத் தொழிலில் உதவலாம். ஆனால் பள்ளி நேரம் முடிந்த பிறகோ விடுமுறையிலோ மட்டும். இதைச் சட்டமாகச் சொன்னால் அவர் முகம் சுருங்கியிருக்கும். பேரம்தான் பேசினேன். பாடு தேதிகளை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், இரவில் பையன் ஏரிக்குப் போகக் கூடாது. அந்த நாள்களில் அவன் தாமதமாக வந்தாலும் வாசலில் நிறுத்த மாட்டோம். கணக்கைப் பிற்பகலுக்கு மாற்றிக்கொண்டேன்.

மூன்றாம் வகுப்புத் தங்கைக்கு இந்தப் பேச்சே தேவைப்படவில்லை. காலை உணவுக்கு முதல் ஆளாக வந்துவிடுகிறாள். அண்ணன் வகுப்புக்கு அந்தத் திட்டம் இல்லை.

இப்போது பெரும்பாலும் வருகிறான். இறால் விலை ஏறும் வாரத்தில் மட்டும் அப்பாவோடு இன்னும் இழுபறிதான்.