கல்லுக்கும் சாட்சி வேண்டும்



சிரியாவின் பாலைவனத்தில் பல்மைரா என்னும் பழம்பெரும் நகர் உண்டு. அங்கே கி.பி. 32இல் எழுந்த பேல் கோவிலின் கருவறையை 2015 ஆகஸ்டில் 'இஸ்லாமிய அரசு' இயக்கத்தினர் வெடிவைத்துத் தகர்த்தனர். ஆயினும், 1864இல் லூயி வீஞ் என்னும் பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி பிடித்த நிழற்படங்களில் அக்கோவில் இன்றும் நிற்கின்றது.

சாட்சியில்லா வழக்கு நில்லாது என்பதை நீதிமன்றம் ஏறும் நாம் அறிவோம். மாலி நாட்டின் திம்புக்துவில் புனித அடக்கத்தலங்களை இடித்தவருக்கு 2016இல் அனைத்துலகக் குற்றவியல் நீதிமன்றம் 9 ஆண்டுச் சிறை விதித்தது. அவ்வழக்கிலே படங்களும் சான்றாயின.

1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது, படியெடுக்காத ஏடுகளை நாம் அடியோடு இழந்தோம். ஆதலால், உங்கள் ஊர்க் கல்வெட்டை இன்றே அளவுகோல் வைத்துப் படம் பிடியுங்கள். நாளும் இடமும் குறித்து வையுங்கள். கல் வீழினும் சாட்சி வீழாதிருக்கட்டும்!