இருதய மருந்தும் இரத்தக் கொழுப்பும்

(வாலாஜாபாத்தில் கூடிய நமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இருதய நோய்க்கென உட்கொள்ளும் மருந்தே இரத்தத்திற் கொழுப்பை மிகுவிக்குமோ என்னும் ஐயம் நம்மவர் சிலர்க்கு உண்டு. யாம் தமிழ் கற்பிப்போரேயன்றி வைத்தியர் அல்லோம். ஆயினும், மருத்துவ நூலார் ஆய்ந்து துணிந்தவற்றை யாவர்க்கும் விளங்கக் கூறுதல் கற்றோர் கடமையாதலின் இங்கு உரைக்க முற்பட்டோம்.

இரத்தத்தில் ஓடுங் கொழுப்பு ஒரு வகைத்தன்று. எல்.டி.எல். என்பது நாடிச் சுவரிற் படிந்து வழியை அடைப்பது, எச்.டி.எல். என்பது மிகுந்த கொலஸ்டிராலை ஈரலுக்கு மீட்டுச் செல்வது. டிரைகிளிசரைடு என்பது உடலின் எரிபொருளாக இரத்தத்திற் செல்வது.

இனி மருந்துகளை நோக்குவோம். அடினலால், மெட்டோபிரலால் முதலிய பீட்டா தடுப்பு மருந்துகள் டிரைகிளிசரைடைச் சிறிது கூட்டி, எச்.டி.எல்.லைச் சிறிது குறைத்தல் உண்டு. சிறுநீரைப் பெருக்கும் தயசைடு மருந்துகள், அளவு மிகுந்தவிடத்து, எல்.டி.எல்.லைச் சற்று ஏற்றும். அம்லோடிபைன், எனாலபிரில் போல்வன பெரும்பாலும் கொழுப்பைத் தீண்டா. ஆகவே, ஐயம் முற்றும் பொய்யன்று, முழு மெய்யுமன்று.

இம்மிகுதிக்கு மாற்றும் மருத்துவத்திலேயே உளது. ஜப்பான் தேயத்து அகிரா எண்டோ என்னும் அறிஞர், அரிசியிற் கண்ட பூஞ்சையொன்றினின்று ஈரலிற் கொலஸ்டிரால் உண்டாதலைத் தடுக்கும் பொருளை 1973இல் கண்டறிந்தார். நெல் விளைக்கும் நாட்டினராகிய நாம் அரிசிப் பூஞ்சையை வீசியெறியும் பொருளாகவே அறிவோம். அதனினின்றே ஸ்டாடின் மருந்துகளின் வழி திறந்தது வியப்பன்றோ? அவ்வினத்து அடோர்வாஸ்டாடின், அளவிற்கேற்ப, எல்.டி.எல்.லை நூற்றுக்கு 35 முதல் 50 வரை குறைக்க வல்லது. முன்சொன்ன மருந்துகள் செய்யும் சிறு மாற்றம் இதன்முன் எம்மாத்திரம்? தமிழக அரசு 2023 ஜூன் திங்களில் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில், மார்வலியுடன் சுகாதார நிலையம் வருவோர்க்கு ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் என்பவற்றோடு இதுவும் முதலுதவியாக அளிக்கப்படுதல் நினைக்கத்தக்கது.

மருந்துகள் தம்முள் மாறுபடுதலும் உண்டு. அம்லோடிபைன் உண்போர் சிம்வாஸ்டாடினை நாள் ஒன்றுக்கு 20 மில்லிகிராமுக்கு மேற் கொள்ளலாகாது. மீறின் தசைநோவும் தசைச் சிதைவும் நேரக்கூடும். ஆதலின், உண்ணும் மருந்து யாவற்றையும் ஒளியாது மருத்துவரிடம் கூறுக.

எல்லாவற்றினும் தலையாயது ஒன்று. கொழுப்புக்கு அஞ்சிப் பீட்டா தடுப்பு மருந்தைத் தாமே திடீரென நிறுத்தற்க! அதுகாறும் அடங்கியிருந்த இருதயம் அப்பொழுது விரைந்து துடிக்கும். மார்வலியும் மாரடைப்பும் நேர்தல் கூடும். கொழுப்புச் சிறிது கூடுதல் பல்லாண்டிற் கேடு தருவது. மருந்தை விடுதலோ சின்னாளில் உயிர்க்கு இறுதி செய்யவல்லது. குறைத்தலும் மாற்றுதலும் மருத்துவர் செயலாகுக.

ஒரகடத்தும் ஸ்ரீபெரும்புதூரினும் ஆலைகளில் இரவுமுறை பணிபுரியும் நம் இளைஞர்காள்! உறக்கம் நோக்கி இரத்தச் சோதனையைத் தள்ளிவையாதீர். இல்லத்து முதியோரையும் உடன் அழைத்துச் செல்வீர். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தால் இரத்த அழுத்தத்திற்கும் நீரிழிவிற்கும் உரிய மருந்து இல்லந்தேடி வருகின்றது. வந்த மருந்தை நாடோறும் தவறாது உண்பித்தல் நம் பொறுப்பு.

அறியாமையால் ஓருயிரும் நம்மிடை மாயாதிருக்க வேண்டி, இவ்வளவில் அமைகின்றோம்.